வலப்பக்கத்துக் கட்டம்

நான் செய்த இணையப் பக்கங்கள் எல்லாம் அகலமானவை. என்னிடம் இருந்த திரை அகலமானது, அதுதான் காரணம். மூடிப்போன ஓர் அலுவலகத்தின் பின்வாசலில் குப்பைக்கு வைத்திருந்த அந்தத் திரையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு நான் குடியிருந்த வோபர்ன் பகுதிக்குப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். நான் இருந்தது ஒரு வீட்டின் நிலக்கீழ் அறை. பழைய கதவொன்றை இரண்டு வாளிகளின் மேல் படுக்கவைத்து அதில் திரையை நிறுத்தினேன். அறையின் யன்னல் வெளியே புல்லின் மட்டத்தில் இருந்தது. அந்த அறையில் பெரிதாக இருந்த ஒரே பொருள் திரைதான். அதில் எதைப் போட்டாலும் வடிவாக இருந்தது.

நான் எதையும் முழுதாகப் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வருவதற்குள் சண்டையில் இடம்பெயர்ந்தோம். பிறகு எழுதலாம் என்றார்கள். பிறகு நான் கொழும்பில் இருந்தேன், அதற்குப் பிறகு பாங்கொக்கில். ஒரு நாட்டில் மீன் வெட்டினேன், ஒரு நாட்டில் அடைத்து வைத்திருந்தார்கள், ஒரு நாட்டில் ஹோட்டல் சுவர்களுக்கு வர்ணம் அடித்தேன். கனடாவுக்கு வந்தபோது அக்கா இங்கே வீடு வாங்கிக் குடியேறியிருந்தார். அவர் வீட்டில் தங்கினேன், வெளியேறினேன், மொன்றியலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். எத்தனை முறை போய் வந்தாலும் என் தலையணை உறை தோய்த்து மடித்தபடி இருக்கும். அத்தான் வேலைத்தளத்தில் நெஞ்சுவலி வந்து இறந்தபோதும் நான் ஊரில் இல்லை. செத்தவீடு முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தேன்.

பக்கம் செய்யும் வேலையை வீடியோக்கள் பார்த்துப் பழகினேன். எந்த வீடியோவிலும் பாதிக்கு மேல் பார்த்ததில்லை. பாதி வந்ததும் கை துடிக்கும், நிறுத்திவிட்டுச் செய்யத் தொடங்கிவிடுவேன். ஒரே பக்கம் பெரிய திரையில் ஒரு விதமாகவும் போனில் வேறு விதமாகவும் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் இரண்டாம் பாதியில் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கார் ஓட்டப் பழக்கும் ஓர் அண்ணைக்கு முதலில் ஒரு பக்கம் செய்துகொடுத்தேன். அவர் தன் போனில் பார்த்துவிட்டு, "தம்பி, எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடக்கு, ஒண்டும் வாசிக்கேலாது" என்றார்.

"விரலால பெருப்பிச்சுப் பாருங்கோ அண்ணை."

"ஓட்டப் பழக வாற பொடியள் எல்லாருக்கும் விரல் கிடக்குத்தான்" என்றார். நான் அந்தப் பக்கத்தைத் திருத்தவில்லை.

அக்காவின் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. மில்லிக்கனில் அக்காவின் வீட்டுச் சமையலறையில் இரு பகுதியும் கூடியிருந்து கல்யாணக் கார்ட்டில் என்ன அடிப்பது என்று பேசினோம். மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசி. நேரே பேசுவார், ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்.

"குறை நினைக்காதேங்கோ, எங்கட பக்கத்தில வயது போனதுகள் கேக்குங்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்ர பேரிலதானே கலியாணம் சொல்லுறது வழமை? தாய்மாமனும் இஞ்சதானே இருக்கிறார்."

"எனக்கெண்டா ஒரு பிரச்சினையும் இல்லை" என்றேன். அவர் சொல்லி முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

மருமகள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். இங்கே பிறந்தவள், மார்க்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. "மாமா, வெயிட். அம்மாதான் என்னைக் குடுக்கிறா. கார்ட்டிலயும் அம்மான்ர பேர், மேடையிலயும் அம்மா. ஐம் நொட் டிஸ்கஸிங் திஸ்."

"சரியம்மா, சரி" என்று மாப்பிள்ளையின் தாய் சிரித்துவிட்டார். "வாற மருமேளோட இப்பவே சண்டை பிடிக்க எனக்குப் பலமில்லை."

அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கழுவிய கோப்பையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். கணவன் இல்லாத பெண் மேடையில் ஏறித் தன் கையால் மகளைத் தாரைவார்த்துக் கொடுப்பதை எங்கள் ஆட்களில் பலர் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். அன்று எல்லாரும் போன பிறகு என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "தம்பி, மேடை லைற்றுக்கு மாம்பழ மஞ்சள் சேலை எடுக்குமோ, இல்லாட்டி வெளிறுமோ?" அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டு நெடுங்காலமாகியிருந்தது.

கார்ட் அச்சாகி வந்தது. நடுவில் மணமக்களின் பெயர். அதன் கீழ் இடப்பக்கம் மாப்பிள்ளையின் பெற்றோர், வலப்பக்கம் காலஞ்சென்ற அத்தானின் பெயரும் அக்காவின் பெயரும். இரண்டு பக்கமும் ஒரே எழுத்து, ஒரே உயரம். இதையே இணையப் பக்கமாகச் செய்து தரும்படி மருமகள் என்னைக் கேட்டாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு லிங்க் அனுப்பினால் போதும் என்றாள். ஆயத்தமாக விற்கிற பக்கங்களில் ஒன்றை எடுத்து மதிய இடைவேளைக்குள் அவளே செய்திருக்கலாம். கல்யாணத்தில் எனக்கென்று ஒரு வேலை இருக்கட்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள் என்பது பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு என் திறமையைப் பார்த்துக் கேட்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

கார்ட்டில் இருந்தபடியே செய்தேன். பொன் நிறத்தில் ஓரம், மேலே பிள்ளையார், நடுவில் மணமக்கள், கீழே இடமும் வலமுமாக இரண்டு கட்டங்கள். எல்லாம் முடிந்த பிறகு பக்கத்தின் அடியில் வலது மூலையில் ஒரு வரி சேர்த்தேன். 'தங்கள் நல்வரவை அன்புடன் எதிர்பார்க்கும்' என்று எழுதி, என் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'தாய்மாமன்' என்றும் போட்டேன். சாம்பல் நிறம், சின்ன எழுத்து. கார்ட்டில் அந்த வரி கிடையாது. பக்கத்தைச் செய்தவன் ஒரு மூலையில் பேர் போடுவதில் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த முறை போனில் எப்படி வருகிறது என்றும் பார்த்தேன். கார் பழக்கும் அண்ணையின் பேச்சு மனதில் இருந்தது. நான் பக்கம் செய்யும் மென்பொருளில் போனில் வரும் தோற்றத்தைத் தனியாகத் திறந்து பார்க்கலாம். போனின் அகலத்தில் இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடமில்லை. இடது கட்டம் மேலேயும் வலது கட்டம் அதற்குக் கீழேயும் இறங்கிவிடும். மாப்பிள்ளை பகுதி ஒழுங்காக இறங்கியது. வலது கட்டம் இறங்கவில்லை. அத்தானின் பெயரை முதலெழுத்துகளோடும் ஊர்ப் பெயரோடும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடித்திருந்தேன். அந்தச் சொல் எங்கேயும் உடையாமல் திரையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதனால் முழுப் பக்கமும் விரலுக்குக் கீழ் இடமும் வலமும் ஆடியது. எழுத்தைச் சிறிதாக்கினேன், ஆடியது. ஓரத்தைக் குறைத்தேன், ஆடியது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் கண் வடிவத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அந்தக் கட்டம் போனில் மட்டும் தெரியாது. வலது கட்டத்தின் கண்ணை அழுத்தினேன். பக்கம் ஆடாமல் நின்றது. போனுக்கென்று அந்தக் கட்டத்தின் பிரதியொன்றைச் சின்னதாகச் செய்து போடுவதுதான் என் எண்ணம், பலரும் அப்படித்தான் செய்வார்கள். போன் தோற்றம் திறந்திருந்தபோதே என் வரியையும் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் வாசிக்க முடியாமல் கிடந்தது. அதைப் போனுக்கு மட்டும் கறுப்பாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, நடுவுக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் பின்னேர வேலைக்குப் பஸ் பிடிக்க வேண்டிய நேரமாகிவிட்டது. லிங்க்கை மருமகளுக்கு அனுப்பி, "பார்" என்று மட்டும் எழுதிவிட்டு ஓடினேன்.

அவள் அலுவலகத்தில் பெரிய திரையில் திறந்து பார்த்திருக்கிறாள். "வாவ் மாமா, சோ நைஸ்!" என்று எழுதிவிட்டு மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். மாப்பிள்ளை தாய்க்கு அனுப்பினான். தாய் திறந்தும் பார்க்காமல் சொந்தக்காரர் குழுக்களில் போட்டார். நான் பஸ்ஸில் வேலைத்தளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் போகாத நாடுகளுக்கெல்லாம் அது போய்விட்டது.

அப்போது நான் உறைந்த ரொட்டி பெட்டியில் அடுக்கும் ஒரு கொம்பனியில் ஏஜென்சி மூலம் வேலை செய்தேன். எனக்கு எதிரே நின்று அடுக்குகிற அண்ணை இடைவேளையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போன் பார்ப்பார். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பெரிய மனுசனாகிட்டாய் தம்பி. கொக்கான்ர மகளுக்கு நீதான் கலியாணம் சொல்லுறாய் போல."

"ஆர் அண்ணை சொன்னது?"

"எங்கட ஊர்க் குழுவில கிடக்கு. இஞ்ச பார்."

பார்த்தேன். பிள்ளையார், மணமக்கள், மாப்பிள்ளையின் தாய் தகப்பன். அதற்குக் கீழே நேராக, 'தங்கள் நல்வரவை அன்புடன் எதிர்பார்க்கும்' என்று கறுப்பில், நடுவில், பெரிய எழுத்தில், என் பெயர். பெண் பகுதிக்கு நான் மட்டும்.

"கொக்காவின்ர பேரைக் காணேல்லை" என்றார் அண்ணை, குரலைத் தாழ்த்தி. "மாப்பிள்ளை பகுதி வேண்டாமெண்டதோ?"

"இல்லையண்ணை, அக்காவின்ர பேர் கிடக்கு. போனில தெரியாது. கொம்பியூட்டரில தெரியும்."

"கொம்பியூட்டரில ஆரடாப்பா பாக்கிறது? என்ர மனிசி அடுப்படியில நிண்டு பாக்கிறா. மச்சாள் மொன்றியலில படுத்திருந்து பாக்கிறா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார். "விடு தம்பி. நீ உன்ர பேரைப் போட்டதில ஒரு பிழையும் இல்லை. ஆம்பிளை எண்டு நீதானே நிக்கிறாய்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கையில் இருந்த பாண் துண்டைச் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு எழும்பினேன்.

என் போன் லொக்கருக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது மருமகள் பல தடவை அழைத்திருந்தாள். திருப்பி எடுத்தேன்.

"மாமா, அம்மா லிங்க்கைப் பாத்திட்டா."

"நான் இப்ப திருத்திறன். லப்டொப் வீட்டில கிடக்கு, நான் போய்..."

"லிசின், மாமா. அம்மா மேடைக்கு வரேல்லையாம். கீழ இருந்து பாக்கிறாவாம். கோவிக்கேல்லை, அழேல்லை, ஒண்டும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. நாங்கள் எல்லாரும் சேந்து முடிவெடுத்திட்டு அவவுக்குச் சொல்லாமல் விட்டதெண்டு நினைக்கிறா. நானும் சேந்தெண்டு நினைக்கிறா, மாமா."

"நான் போய்க் கதைக்கிறன்."

"என்ன கதைப்பீங்கள்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வெளியேறினேன். அடுத்த நாள் வரத் தேவையில்லை என்று ஏஜென்சி செய்தி அனுப்பியது. இப்படிச் செய்தி எனக்கு முன்பும் வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பெரிதாக நினைக்கவில்லை. நேரே மில்லிக்கனுக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா சாப்பாட்டு மேசையில் இருந்து, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் பைகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்ததும் என் காலைப் பார்த்தார். வேலைக்குப் போடும் இரும்பு முனைச் சப்பாத்தோடு வந்திருந்தேன்.

"வேலை இல்லையோ இண்டைக்கு?"

"இருந்தது. வந்திட்டன்."

"சாப்பிட்டியே?"

நான் பதில் சொல்வதற்குள் சோற்றைப் போட்டுச் சூடாக்கி முன்னால் வைத்தார். மறுபடி நாடாவைக் கையில் எடுத்தார். "லிங்க் பாத்தன். வடிவாச் செய்திருக்கிறாய். பிள்ளையார் நல்ல லட்சணமா வந்திருக்கு."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் பஸ்ஸில் வந்தேன். இதற்கு நான் ஆயத்தமாக வரவில்லை.

"அக்கா, அது பிழைச்சுப் போச்சு. உங்கட பேர் கிடக்கு. தெரியேல்லை."

"என்ன பிழை? எல்லாம் சரியாத்தான் கிடக்கு. சனம் கதைக்க முன்னம் நாங்களே ஒதுங்கிறது நல்லம். நான் பிள்ளையிட்டச் சொல்லிட்டன். முன் வரிசையில இருந்தா எல்லாம் வடிவாத் தெரியுந்தானே."

சோபாவில் மாம்பழ மஞ்சள் சேலை கடைப் பைக்குள் கிடந்தது. திருப்பிக் கொடுப்பதற்குப் பற்றுச்சீட்டையும் அதன் மேல் வைத்திருந்தார்.

நான் விளக்கத் தொடங்கினேன். இரண்டு கட்டம் இருக்கிறது என்றேன். போனில் ஒன்றன் கீழ் ஒன்று வரும் என்றேன். அத்தானின் பேர் நீளம், உடையவில்லை, பக்கம் ஆடியது என்றேன். கண் பொத்தானை அமத்தினேன் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிவிட்ட கதையாகக் கேட்டது.

அக்கா நாடாவை இழுத்து முடிந்தார். "சின்னனில இருந்து உன்னைத் தெரியும். வீட்டில ஏதும் உடைஞ்சா நீதான் இவ்வளவு நீளத்துக்கு விளக்கம் சொல்லுவாய்."

"சத்தியமா அக்கா."

"சரி, இந்தா. எங்க என்ர பேர் கிடக்கு? காட்டு பாப்பம்." பக்கத்தைத் திறந்து தன் போனை மேசைக்கு மேலாக நீட்டினார்.

போனில் அதைக் காட்ட முடியாது என்று சொல்வதற்காகத்தான் கையை நீட்டினேன். என் விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து வாங்கும்போது போன் படுக்கையாகச் சரிந்தது. பக்கம் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியதுபோல் வெளிறி, மாறியது. படுத்த போனின் அகலம் போதும் என்று அது எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டு கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. வலது கட்டத்தில் அத்தான், அவருக்குக் கீழே அக்கா. இப்படி ஆகும் என்று எனக்கும் தெரியாது.

அக்கா போனைத் திருப்பி வாங்கினார். நிமிர்த்தினார். பெயர் போய்விட்டது. சரித்தார். வந்தது. நாடாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக நிமிர்த்தினார், மெதுவாகச் சரித்தார்.

"அப்ப, போனைச் சரிச்சுப் பிடிச்சுப் பாக்கவும் எண்டு கார்ட்டில அடிச்சிருக்கலாமே" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரித்த போனை என் பக்கம் திருப்பி, அடியில் வலது மூலையைக் காட்டினார்.

"என்ர பேர் ஏன் தெரியேல்லை எண்டு விளங்கிட்டுது. உன்ர பேர் ஏன் கிடக்கு?"

சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில், அது அங்கேயும் இருந்தது.

"கார்ட்டில உது இல்லையே" என்றார்.

"சும்மா... கீழ வெறுமையாக் கிடந்தது, அக்கா."

அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "கேட்டிருந்தா நானே போடச் சொல்லியிருப்பன்" என்றார்.

சமையலறையில் அன்றைக்கு எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்று நான் முந்திக்கொண்டு சொன்னது அவர் முதுகுக்குக் கேட்டிருக்கும். வலது கட்டத்தின் கண்ணை அழுத்தியபோது என் மனதில் உடையாத அந்த நீளச் சொல்லைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பஸ்ஸுக்கு முன்னால் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் செய்ய இரண்டு வேலை இருந்தது. அக்காவின் பெயரைப் போனுக்குக் கொண்டுவருவது ஒன்று. என் பெயரைப் பெரிதாக்குவது மற்றது. நான் முடித்தது இரண்டாவதை. இதை அக்காவுக்கு நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, என் பெயர் எந்த அளவில் இருக்கிறது என்பதை அவர் நிமிர்ந்த போனில் பார்த்திருந்தார்.

"மேடைக்கு வருவீங்களோ அக்கா?"

"சோத்தை அளையாமல் சாப்பிடு" என்றார். "முதல் போய்ப் பேரைப் போடு."

திரும்பிப் போகும் பஸ்ஸில் மாப்பிள்ளையின் தாய் அழைத்தார். இந்த முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்கவில்லை.

"தம்பி, நான் சொல்லித்தான் அவவின்ர பேரை எடுத்ததெண்டு சனம் நினைக்குது. ரெண்டு பேர் கோல் எடுத்துப் பாராட்டினவை. பாராட்டினவை தம்பி! நல்ல காரியம் செய்தாய், இந்தக் காலத்திலயும் முறை பாக்க ஒருத்தி இருக்கிறாய் எண்டு. எனக்கு எங்க முகத்தை வைக்கிறதெண்டு தெரியேல்லை."

"என்ர பிழைதான். இப்ப திருத்தப் போறன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்யிறது? எனக்கு ஒண்டு சொல்லும். போனில கீழ கீழயாத்தானே வரும்? ஆர் மேல?"

"உங்கட பகுதி. இடப்பக்கம்தான் முதல் இறங்கும்."

"அதை மாத்தேலுமோ?"

"ஏலும்."

"அப்ப போனில அவவை மேல போடும். கொம்பியூட்டரில எப்பிடியெண்டாலும் கிடக்கட்டும், அதை ஒருத்தரும் பாக்கினமில்லை."

வீட்டுக்கு வந்து, மேசையாகப் போட்டிருந்த கதவின் முன்னால் இருந்தேன். திருத்த அதிக நேரம் எடுக்கவில்லை. அத்தானின் முதலெழுத்துகளுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டேன். ஊர்ப் பெயரை அடுத்த வரிக்கு இறக்கினேன். அந்தச் சொல் நீட்டிக்கொண்டு நிற்கவில்லை, பக்கம் ஆடவில்லை. வலது கட்டத்தின் கண்ணைத் திறந்தேன். போனில் வலது கட்டம் முதலில் வரும்படி ஒழுங்கை மாற்றினேன். என் வரியை அழித்தேன். இவ்வளவுதான். பின்னேரம் இதே இடைவெளியை விட்டிருக்கலாம். "இப்ப பாருங்கோ" என்று அக்காவுக்கு எழுதினேன். பார்த்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

அக்காவை மேடைக்குக் கொண்டுவந்தது நான் இல்லை. மாப்பிள்ளையின் தாய் காரை எடுத்துக்கொண்டு மில்லிக்கனுக்குப் போயிருக்கிறார். போன் அழைத்துப் பாராட்டியவர்கள் யார் யார் என்று பேர் சொல்லி, அவர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டியிருக்கிறார். பிறகு சேலைப் பையைத் தானே பிரித்து அக்காவின் தோளில் போட்டுப் பார்த்திருக்கிறார். "நீங்கள் கீழ இருந்தா நானும் கீழதான் இருப்பன். பிறகு பிள்ளையள் ரெண்டும் ஐயரோட தனிய நிக்கட்டும்" என்றாராம். மருமகள்தான் இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. ஆனால் அதன் பிறகு கல்யாணத்தில் எனக்கு வேலை எதுவும் அவள் தரவில்லை.

மண்டபத்தில் அக்கா மஞ்சள் சேலையில் மேடை ஏறினார். மேடை வெளிச்சத்தில் அது வெளிறவில்லை. மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தண்ணீரை வார்த்தார். நான் மேடையின் ஓரத்தில், படம் எடுப்பவரின் வெளிச்சக் குடைக்குப் பின்னால் நின்றேன்.

பக்கத்தைத் திருத்தினாலும் பழையது போகவில்லை. பலர் முதல் நாளே அதைப் படமாகப் பிடித்து வைத்திருந்தார்கள். மண்டபத்துக்கு வழி பார்க்கவும் நேரம் பார்க்கவும் அந்தப் படத்தைத்தான் திறந்தார்கள். வாசலில் நின்ற என்னிடம் சிலர் கைகொடுத்து, "தாய்மாமன் எண்டா இப்பிடி நிக்கோணும்" என்றார்கள். நான் கைகொடுத்தேன். ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லியிருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில், மொன்றியலிலிருந்து வந்த ஓர் அன்ரி அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் பின்னால் தண்ணீர்ப் போத்தல்களோடு நின்றேன்.

"பிள்ளை, நீ மேடையில நிண்டதைப் பாத்து எனக்குச் சந்தோசம். ஆனா போனில உன்ர பேரைக் காணேல்லை, தம்பியின்ர பேர்தான் கிடந்தது. என்ன நடந்தது?"

"அது போன் பிழை அன்ரி" என்றார் அக்கா. "இந்தப் போனுகள் அப்பிடித்தான். ஒண்டைக் காட்டும், ஒண்டைக் காட்டாது."

"தம்பியோட ஏதும் கோவமோ?"

"சீச்சீ. அவன்தான் முழுக்கச் செய்தவன். பாவம், வேலையையும் விட்டிட்டு ஓடி வந்தவன்."

நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. அன்ரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். நான் அவருக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தேன்.

இப்போதும் பக்கங்கள் செய்கிறேன். அகலமான திரையைக் கதவிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டேன். முதலில் போனின் அகலத்தில் எல்லாப் பெயரும் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறேன். கார் பழக்கும் அண்ணையின் பக்கத்தையும் அவர் கேட்காமலே திருத்தினேன். நெடுநாள் கழித்து அவர் அழைத்து, "இப்ப பெருப்பிக்காமலே வாசிக்கலாம் போல கிடக்கு, என்ர கண் சுகமாகிட்டுதோ?" என்றார். ஓம் அண்ணை என்று சொன்னேன்.

போன கிழமை அக்காவுக்கு ஒரு படம் அனுப்பினேன். என் யன்னலை மூடிக் கிடந்த பனியை யாரோ ஒரு பிள்ளை வெளியிலிருந்து விரலால் கிளறி, உள்ளே எட்டிப் பார்த்த ஓட்டை. நான் மில்லிக்கனுக்குப் போயிருந்தபோதுதான் அவர் அதைத் திறந்தார். நிமிர்ந்த போனில் முழுதாகத் தெரிகிற படம் அது. அக்கா பார்த்தார், சிரித்தார். பிறகு போனைச் சரித்து, அடியில் வலது மூலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.